தலைவர் அழலாமா?

பெல்மடுல்லையிலிருந்து எம்பிலிப்பிட்டிய நோக்கி இறங்கும் பாதையில் மலை மெல்ல மெல்லத் தாழ்கிறது. தேயிலைச் சரிவுகள் பின்னே மறைய, வளவை ஆற்றின் வெப்ப நிலம் முன்னே விரிகிறது. கீழே எம்பிலிப்பிட்டியவில் இருக்கும் நாம் அப்பாதையில் பல தடவை மேலே சென்றிருக்கிறோம்; பெரும்பாலும் சாவு வீடுகளுக்கு. அப்படிச் சென்ற ஒரு நாளில் கண்ட காட்சியே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

மலைத்தோட்டம் ஒன்றில் தோட்டத் தலைவரின் தம்பி இறந்துவிட்டார். லயத்து வாசலில் தப்பு ஒலித்துக்கொண்டிருந்தது. பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைத்தனர். ஆண்களிலும் பலர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு விம்மினர். தலைவர் ஒருவர் மட்டும் அழவில்லை. தோட்டத்து லொறிக்காகத் துரையிடம் ஆள் அனுப்பினார். மரணப் பதிவுக்கு வேண்டிய கடதாசிகளைத் தேடி எடுத்தார். குழி வெட்டுவோருக்குத் தேநீர் போயிற்றா என்று விசாரித்தார். “தலைவருக்குக் கல்லு மனசு” என்றாள் அருகிலிருந்த கிழவி. அவள் குரலில் பழி இல்லை, பெருமையே இருந்தது. பொழுது சாயும் வேளையில் அவர் எம்மருகில் வந்து அமர்ந்தார். கேட்காமலே சொன்னார்: “நான் அழுதா இவங்க யார்கிட்ட போய் அழுவாங்க, சேர்?”

அந்தச் சொல்லின் உயர்வில் அன்று நாம் மயங்கிப்போனோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்குள் அந்த மனிதர் மாறிப்போனார். குறை சொல்ல வந்தோர்மீது எரிந்து விழுந்தார். கூட்டங்களில் பேசாதிருந்தார். பின்பு பேச்சு வந்தபோது அதில் கசப்பே வந்தது. இறுதியில் பதவியை விட்டு விலகினார். ஏன் என்று கேட்டவர் எவரும் இல்லை. கல் மனசு படைத்தவருக்கு என்ன நேர்ந்துவிடப் போகிறது?

எனவே இக்கேள்வியை நாம் எழுப்புகிறோம்: உள்ளத்தைப் பூட்டிவைத்துக் கொள்வது தலைமைக்குரிய அறமா? அல்லது அறத்தின் வேடம் பூண்டு நம்மிடையே உலவும் ஒரு தீங்கா?

முதலில் தோட்டத் தலைவர் என்பவர் யார் என்று வெளியூர் வாசகருக்குச் சொல்லிவிட வேண்டும். அவர் துரையுமல்லர், கணக்கப்பிள்ளையுமல்லர், கங்காணியுமல்லர். மற்றவரைப் போலவே விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் நிற்கும் தொழிலாளி. தொழிற்சங்கக் கிளையின் தலைவராக இருப்பதனால் தோட்டத்துக்கே தலைவராகிறார். அரைப்பேர் போடப்பட்டவரும், வேலை நிறுத்தப்பட்டவரும், கூரை ஒழுகும் வீட்டாரும், கணவனின் அடிக்குத் தப்பி ஓடிவரும் பெண்ணும், பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லாத தாயும் அவர் வாசலுக்கே வருகின்றனர். திருவிழாக் கணக்கில் சண்டை மூண்டாலும் அவரே தீர்க்க வேண்டும். இவ்வளவுக்கும் அவர் பெறுவது அதே நாட்சம்பளம்.

நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயாக வேண்டும் என்ற கோரிக்கை 2015இல் எழுந்தது. சம்பள நிர்ணய சபையின் வழியாக அது நடைமுறைக்கு வந்ததோ 2021 மார்ச்சில். இடைப்பட்ட ஆண்டுகளில் மேலிடத்துத் தலைவர்கள் மேடைகளில் வாக்குறுதி தந்தனர். அவ்வாக்குறுதியை லயத்து வாசலில் நின்று விளக்கியவர் தோட்டத் தலைவர். அது பொய்த்தபோது ஏச்சுக் கேட்டவரும் அவரே. தமக்கே நம்பிக்கை அற்றுப்போன ஒன்றை நம்புமாறு பிறருக்குச் சொல்லிச் சொல்லி ஒருவர் எத்தனை நாள் நெஞ்சு வற்றாமல் இருக்க முடியும்?

இப்படி உள்ளம் எரிந்து ஓய்ந்து போவதை இன்றைய உளவியலாளர் தனியே ஆராய்ந்திருக்கின்றனர். 1974இல் இதைப் பற்றி முதன்முதல் எழுதியவர்களுள் ஒருவரான ஹெர்பர்ட் ஃபுரூடன்பெர்கர், செல்வந்தரின் மாளிகைகளில் இதைக் காணவில்லை. நியூயோர்க் நகரின் ஏழைகளுக்கான இலவச மருத்துவ நிலையத்தில், ஊதியம் கருதாது உழைத்த தொண்டர்களிடமே கண்டார். 2019இல் உலக சுகாதார நிறுவனம் இதற்கு மூன்று அடையாளங்களை வகுத்தது: ஆற்றல் முற்றும் வடிந்துபோதல், செய்யும் பணியின்மீது விலகலும் கசப்பும் கொள்ளுதல், தம்மால் இனி எதுவும் ஆகாது என்று உணர்தல். இதனைத் தனியான நோயென்று அந்நிறுவனம் கூறவில்லை. தொழிலின் நிலைமைகளிலிருந்து பிறப்பது என்றே கூறியது. நாம் மேலே வருணித்த மனிதரிடம் இம்மூன்றும் இருந்தன. பணியை அலட்சியம் செய்தவரை இது தீண்டுவதில்லை. அதில் மூழ்கியவரையே எரிக்கிறது.

இனி எதிர்வாதத்தைக் கேட்போம். ஆபத்து வேளையில் தலைவர் கலங்கினால் கூட்டம் சிதறிவிடாதா? உண்மைதான். 2016 மே மாதத்தில் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் மலை சரிந்து ஊர்களை விழுங்கியது. அதே நாட்களில் புளத்கொஹுபிட்டியவில் தோட்ட மக்கள் குடியிருந்த லயத்தின்மீதும் மண் சரிந்தது. அத்தகைய இரவில் தலைவர் தலையில் கைவைத்துக் குந்தியிருப்பாராயின் உயிர்கள் மேலும் போகும். மண்வெட்டியைக் கையிலெடுத்து, “நீ இங்கே நில், நீ அங்கே போ” என்று தெளிந்த குரலில் ஏவ ஒருவர் வேண்டும். அந்த நிதானம் பிறருக்காகத் தாங்கும் நிதானம். அதை நாம் வணங்குகிறோம்.

ஆயினும் மண்சரிவு ஓர் இரவில் முடிந்துவிடுகிறது. அந்த இரவுக்குரிய முகத்தை வாழ்நாள் முழுதும் அணிந்துகொள்ள வேண்டும் என்று யார் விதித்தது? ஆபத்தில் காட்டும் நிதானம் வேறு. தோழரிடமும் மனைவி மக்களிடமும் கூட உள்ளத்தைத் திறவாத இறுக்கம் வேறு. முன்னது காவல், பின்னது சிறை. காவலாளியைக் கண்டு வியந்த நாம், அவரையே கைதியாக்கிவிட்டோம்.

நமது இலக்கியமும் இவ்வகையில் அரைகுறையாகவே படிக்கப்பட்டு வந்துள்ளது. முடிசூட்டு என்றபோதும் காடு என்றபோதும் இராமன் முகம் மாறவில்லை என்பதைக் கம்பனிலிருந்து எடுத்துக்காட்டாத மேடை தமிழ்நாட்டிலும் இல்லை, ஈழத்திலும் இல்லை. ஆனால் அதே கம்பனின் இராமன் சடாயுவின் முன் அழுகிறான். போர்க்களத்தில் வீழ்ந்து கிடக்கும் இலக்குவனைத் தழுவி, தானும் நினைவற்று வீழ்கிறான். வானரப் படையோ அதைக் கண்டு, ‘இவன் தலைவனல்லன்’ என்று கைவிட்டுப் போய்விடவில்லை. வள்ளுவரும் அரசனுக்குத் தனிமையை விதிக்கவில்லை. பெரியாரைத் துணைக்கொள்ளுமாறு ஓர் அதிகாரமே வகுத்து, குற்றங்கண்டு கண்டிக்கும் துணையற்ற மன்னனுக்கு அழிவைத் தர வேறொரு பகைவன் வேண்டியதில்லை என்ற கருத்தை நிறுவினார். இவற்றையெல்லாம் விட்டுவிட்டு, மாறாத முகம் ஒன்றை மட்டும் நாம் எடுத்துக்கொண்டது ஏன்? அந்த முகம் ஆள்வோருக்கு வசதியானது என்பதால் அல்லவா?

முற்போக்காளரும் இந்நோய்க்கு விலக்கானவரல்லர். லெனினைப் பற்றி மாக்சிம் கார்க்கி 1924இல் எழுதிய நினைவுக் குறிப்பில் நாம் மறக்கவொண்ணாத ஒரு நிகழ்ச்சி வருகிறது. பீத்தோவனின் பியானோ இசையைக் கேட்டு லெனின் மெய்மறந்தார். ஆனால் இசையை அடிக்கடி கேட்கத் தம்மால் இயலவில்லை என்றார். அது நெஞ்சை இளக்குகிறது. கொடுமை சூழ்ந்த உலகில் இத்தகைய அழகைப் படைக்கும் மனிதரின் தலையைத் தடவிக்கொடுக்கத் தோன்றுகிறது. அதற்கு இது காலமன்று என்ற கருத்தில் அவர் பேசியதாகக் கார்க்கி எழுதுகிறார். அதை ஒரு போராளியின் உறுதிக்குச் சான்றாகவே இடதுசாரிகள் பலர் காட்டி வந்துள்ளனர். நாமும் மாணவப் பருவத்தில் அவ்வாறே படித்தோம்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1922 மே மாதத்தில் லெனினைப் பக்கவாதம் தாக்கியது. அவ்வாண்டு டிசம்பரில் மீண்டும் தாக்கியது. நோய்ப்படுக்கையிலிருந்து, நாளொன்றுக்குச் சில நிமிடங்களே மருத்துவர் அனுமதிக்க, கட்சிக்கு அவர் ஒரு கடிதம் சொல்லி எழுதுவித்தார். 1923 ஜனவரி 4ஆம் நாள் அதற்கு ஒரு பிற்குறிப்புச் சேர்த்தார். அதில் அவர் எழுதுவித்தது யாது? பொதுச் செயலாளர் ஸ்டாலின் மிகவும் முரட்டுத்தனமானவர். அப்பதவியில் இன்னும் பொறுமையும் மரியாதையும் தோழர்பால் கரிசனையும் உள்ள ஒருவரை அமர்த்தத் தோழர்கள் வழி காணவேண்டும். இது சிறு விஷயமாகத் தோன்றலாம். உண்மையில் சிறு விஷயமன்று என்றும் அவர் எச்சரித்தார். அதே ஆண்டு மார்ச்சில் மூன்றாம் தாக்கு அவருடைய பேச்சைப் பறித்தது. 1924 ஜனவரியில், 53ஆவது வயதில், அவர் மறைந்தார். அக்கடிதத்தைச் சோவியத் பொதுமக்கள் வெளிப்படையாகப் படிக்க நேர்ந்தது 1956இல்தான்.

வாசகர் இதைச் சற்று நிதானித்துச் சிந்திக்க வேண்டும். தலையைத் தடவிக்கொடுக்கக் காலம் இதுவன்று என்று கருதிய மனிதர், தம் இறுதி வலிமையைத் திரட்டிக் கேட்டது கனிவை. உற்பத்திப் புள்ளிவிவரத்தோடும் கட்சியின் பிளவு அபாயத்தோடும் ஒருவருடைய முரட்டுத்தனத்தையும் அரசியல் பிரச்சினையாகவே அவர் கண்டார். அதன் பின் வந்த ஆண்டுகளில் அந்நாட்டில் சொந்தத் தோழர்களுக்கே நேர்ந்த கதியை நாம் அறிவோம். நெஞ்சின் இறுக்கம் தனிமனிதக் குணமாக நின்றுவிடுவதில்லை; அதிகாரத்தோடு சேரும்போது அது அமைப்பின் குணமாகிறது.

இந்தியாவிலும் ஒரு சான்று உண்டு. 1937 நவம்பரில் கல்கத்தாவின் ‘மொடர்ன் ரிவ்யூ’ இதழில், ‘சாணக்யா’ என்ற பெயரில், ஜவாஹர்லால் நேருவைக் கண்டித்து ஒரு கட்டுரை வெளிவந்தது. கூட்டங்களைக் கண்டு மலரும் அவருடைய முகம் நடிப்பாக இருக்கலாகாதா, அவர் களைத்துப்போயிருக்கிறார், தொடர்ந்து தலைவராக்கினால் சர்வாதிகாரியாகவும் கூடும் என்றெல்லாம் அது எச்சரித்தது. எழுதியவர் நேருவேதான் என்பது பின்னர் தெரியவந்தது. எவ்வளவு பெரிய நேர்மை! அதே வேளை எவ்வளவு பெரிய துயரம்! ‘நான் களைத்துவிட்டேன்’ என்ற எளிய உண்மையைச் சொல்ல, இலட்சோபலட்சம் மக்களால் நேசிக்கப்பட்ட ஒரு தலைவருக்கும் புனைபெயர் தேவைப்பட்டது.

இவ்வாறு பெரியவர்களின் களைப்பைப் பேசும்போது நாம் ஓர் எச்சரிக்கையோடு இருத்தல் வேண்டும். உயர் பதவியிலிருப்போரின் மனச்சுமைக்கு இன்று புத்தகங்களும் பயிற்சி முகாம்களும் பெருகிவிட்டன. குளிரூட்டிய மண்டபத்தில் மூச்சுப் பயிற்சி கற்றுக்கொடுக்கின்றனர். அவர்களது துன்பம் பொய் என்று நாம் சொல்லவில்லை. ஆயினும், 1967இல் பிரித்தானிய அரச ஊழியரிடையே தொடங்கிய ஆய்வு ஒன்று, பதவியில் தாழ்ந்தோரே இருதய நோயால் கூடுதலாக மாண்டனர் என்று காட்டியது. தம் வேலையின்மீது தமக்கே அதிகாரம் இல்லாமை மனிதரை உள்ளிருந்து தின்கிறது என்பதைப் பிந்திய ஆய்வுகளும் உணர்த்தின. அப்படியாயின் தோட்டத் தலைவரின் நிலை யாது? பொறுப்பில் அவர் தலைவர். அதிகாரத்தில் அவர் கொழுந்துக் கூடை சுமப்பவரின் அயலவர். மேலிருப்போரின் சுமையும் கீழிருப்போரின் கையறுநிலையும் ஒரே நெஞ்சில் சேர்ந்தால் அந்த நெஞ்சு என்ன ஆகும்?

அவருடைய மௌனத்துக்கு இன்னொரு வேரும் உண்டு. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1977இலும் 1981 ஆகஸ்டிலும் சப்ரகமுவத் தோட்டப் பகுதிகளை வன்செயல் தீண்டியது. இரத்தினபுரி, காவத்தை, றக்குவானை எனும் பெயர்களைக் கேட்டால் இன்றும் முதியவர் சிலர் பேச்சை நிறுத்திவிடுகின்றனர். பெரும்பான்மையினரின் ஊர்களுக்கு நடுவே சிதறி வாழும் ஒரு சிறு மக்கள் கூட்டம், தன் அச்சத்தையும் சினத்தையும் முகத்தில் காட்டாதிருக்கக் கற்றுக்கொண்டது. துரையின் முன் முகத்தைக் காட்டாதே; பொலிஸ் முன் காட்டாதே; சந்தையில் காட்டாதே. உயிர்காக்கக் கற்ற பாடம் அது. அப்பாடத்தை மிக நன்றாகக் கற்றவரையே நாம் தலைவராகத் தேர்ந்தோம். ஆதலால் அவருடைய கல்முகம் அவர் பிறவிக் குணமன்று. அது ஒரு வரலாறு.

வரலாறு செய்ததை வரலாறே மாற்றவும் கூடும். மலையகத் தொழிற்சங்க இயக்கத்தின் தொடக்கத்தை நோக்குவோம். 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தோற்றுவித்த கோ. நடேசய்யரின் அருகில் அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மாள் நின்றார். தொழிலாளரின் அவலங்களைப் பாட்டாகக் கட்டி மேடைகளில் பாடினார். அப்பாடல்களை 1940இல் நூலாகவும் வெளியிட்டார். அன்று சங்க மேடையில் துயரம் ஒளிக்கப்படவில்லை. அதுவே அணிதிரட்டும் ஆயுதமாயிற்று. பின்பு எப்போது அந்தப் பாட்டு மேடையை விட்டு இறங்கி லயத்து ஒப்பாரியாக மட்டும் ஒடுங்கியது? அழுகை பெண்களுக்கு, தலைமை ஆண்களுக்கு என்று நாம் பங்கு பிரித்தபோதல்லவா? கொழுந்து பறிப்போர் பெரும்பாலும் பெண்கள். சந்தாப் பணம் பெருமளவு அவர்களுடைய சம்பளத்திலிருந்தே போகிறது. ஆனால் ‘தலைவர்’ என்றதும் நம் கண்முன் வருவது மீசை வைத்த முகமே. துயரை வெளியிடத் தெரிந்தவரைத் தலைமைக்கு வெளியே நிறுத்திவிட்டு, தலைவருக்குத் துயரைச் சொல்லத் தெரியவில்லையே என்று வருந்துவது முரண்பாடு.

நாம் வாழும் இந்த எம்பிலிப்பிட்டியவே நமக்கு இன்னொரு பாடத்தைக் கற்பித்திருக்கிறது. 1989இன் பிற்பகுதியிலும் 1990இன் தொடக்கத்திலும் இவ்வூர்ப் பாடசாலை மாணவர் இருபதுக்கும் மேற்பட்டோர் கடத்தப்பட்டுக் காணாமலாக்கப்பட்டனர். அவர்கள் சிங்களக் கிராமத்துப் பிள்ளைகள். அக்காலத்தில் வாய்திறப்பதே உயிருக்கு ஆபத்து. ஆனாலும் பெற்றோர் தத்தம் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு தனித்தனியே அழுது ஓயவில்லை, ஒன்றுகூடினர். பிள்ளைகளின் பெயரைச் சொல்லி வெளிப்படையாகக் கேட்டனர்; ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தனர். 1999 பெப்ரவரியில் இரத்தினபுரி மேல் நீதிமன்றம் பாடசாலை அதிபர் ஒருவரையும் இராணுவத்தினர் சிலரையும் குற்றவாளிகளெனத் தீர்த்தது. பிள்ளைகள் திரும்பி வரவில்லை. கிடைத்த நீதியும் முழுமையானதன்று. ஆயினும் கண்ணீர் பலவீனம் என்போர் அந்தத் தாய்மாரின் முன் நின்று அதைச் சொல்லட்டும். தனியே அழுத கண்ணீர் தலையணையில் காய்ந்துபோகும். கூடி அழுத கண்ணீர் நீதிமன்றப் படியேறும்.

ஆகவே நமது விடை இது. தலைவர் அழலாம். அது மட்டுமன்று, தம் களைப்பைத் தோழரிடம் சொல்வது அவரது உரிமை, ஏன், கடமையுமாகும். அதை மறைப்பவர் தம்மை மட்டும் வருத்திக்கொள்ளவில்லை. சுமையைப் பங்கிட்டுக்கொள்ளும் வாய்ப்பையும் தோழரிடமிருந்து பறிக்கிறார். ‘எல்லாம் என்னால் முடியும்’ என்ற தலைவரின் மௌனம், ‘உங்களால் எதுவும் முடியாது’ என்ற செய்தியாகவே மக்களின் செவியில் விழுகிறது. அவர் விழும் நாளில் அமைப்பும் விழுகிறது.

ஆனால் அவரிடம் ‘மனந்திறந்து பேசுங்கள்’ என்று உபதேசித்துவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. பேசுவதற்குச் செவியும், இறக்கிவைப்பதற்குத் தோளும் வேண்டும். ஒருவர் தலையில் கிடக்கும் வேலையைப் பலர் பகிர வேண்டும். கடிதம் எழுத ஒருவர், வைத்தியசாலைக்குச் செல்ல ஒருவர், துரையிடம் பேசப் போகும்போது உடன்செல்ல இருவர் என்று கிளைதோறும் பொறுப்புகள் பிரிக்கப்பட வேண்டும். பதவிகள் குறித்த காலத்தில் கைமாற வேண்டும். பெண்கள் மாதர் சங்கத்தோடு நிறுத்தப்படாமல் கிளைத் தலைமைக்கே வரவேண்டும். மாதக் கூட்டத்தில் தொழிலாளரின் குறைகளைக் கேட்ட பிறகு, தலைவரின் குறையையும் கேட்கும் வழக்கம் வரவேண்டும். இதற்குப் பெயர் ஓய்வன்று. இதற்குப் பெயர் ஜனநாயகம்.

ஆசிரியராகிய நாமும் இதிலிருந்து தப்பமுடியாது. சிரிக்காத அதிபரே சிறந்த அதிபர் என்ற எண்ணம் நமது பாடசாலைகளில் இன்னும் வாழ்கிறது. முகத்தை இறுக்கிக்கொண்டு வகுப்புக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும், நாளைய தலைவர்களுக்கு நாம் எதைக் கற்பிக்கிறோம் என்று எண்ணிப்பார்க்க வேண்டும். மாணவத் தலைவனாக்கப்படும் சிறுவன் முதலில் இழப்பது தன் நண்பர்களைத்தான் என்பதைக் காணாத ஆசிரியர் உண்டா?

அண்மையில் மீண்டும் அந்தத் தோட்டத்துக்குப் போயிருந்தோம். பழைய தலைவர் லயத்துத் திண்ணையில் அமர்ந்திருந்தார். உடல் மெலிந்திருந்தது. பேச்சு மழையிலும் சம்பளத்திலும் சுற்றிச்சுற்றி வந்தது. விடைபெறும் நேரத்தில், அன்று கேட்கத் தவறிய கேள்வியைக் கேட்டோம்: “தம்பி போனது உங்களுக்கு எப்படி இருந்தது, தலைவர்?” அவர் நெடுநேரம் தேயிலை மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர், “இதைக் கேட்க இத்தனை வருசமா, சேர்?” என்றார். அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை.

அவருடைய கேள்வி எமக்கு மட்டும் உரியதன்று. நம் ஒவ்வொரு சங்கத்திலும் ஒவ்வொரு பாடசாலையிலும் ஒவ்வொரு வீட்டிலும், எல்லோருடைய துயரையும் கேட்டுவிட்டுத் தம் துயரைச் சொல்லாமல் எழுந்து போகும் ஒருவர் இருக்கிறார். அவர் எழுந்து போகுமுன் அவர் கையைப் பற்றி அமர்த்துவோம்.